மலாக்காவில் ஒரு நடை: மணிக்கூண்டிலிருந்து காஜா பேராங் வரை



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள், ஆறாம் ஆண்டு வகுப்பில் மலாக்கா சுல்தான்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அப்போது நாம் எங்கே இருந்தோம்?" என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன் அவனுக்கு அருகிலிருந்த மாணவி பதில் சொல்லிவிட்டாள்: "நாம் பால் மரம் சீவ வந்தவர்கள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் வந்தோம்." வகுப்பு முழுவதும் தலையை ஆட்டியது. எனக்கோ அன்று முழுவதும் அந்தப் பதில் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அது முழு உண்மையுமில்லை.

ரெம்பியாவிலிருந்து மலாக்கா நகருக்குப் பேருந்தில் போனால் அரைமணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகும். அந்தப் பிள்ளைகளுள் பலர் மலாக்காவுக்குப் பலமுறை போனவர்கள். பேரங்காடிக்குப் போயிருக்கிறார்கள், பூக்களால் அலங்கரித்த திரிஷாவில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நகரின் தெருக்களில் தங்கள் மொழி பேசியவர்களின் காலடி கிடக்கிறது என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. எனவே ஒரு சனிக்கிழமை காலையில் பெற்றோர் சிலரின் துணையோடு இருபது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடக்கப் புறப்பட்டேன். அதற்குப் பின்னும் பலமுறை அதே வழியில் நடந்திருக்கிறேன். அந்த வழியையும், வழியில் நிற்கும் வரலாற்றையுமே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது கடினமான நடை அன்று. ஒரேயொரு குன்று ஏறவேண்டும். அதற்கும் படிகள் உண்டு. மற்றவை யாவும் சமதரை. காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் வெயில் உச்சிக்கு ஏறுமுன் முடித்துவிடலாம். தாத்தா பாட்டிகளையும் தாராளமாக அழைத்துச் செல்லலாம்.

நடையைத் தொடங்க ஏற்ற இடம், செந்நிறக் கட்டடங்கள் சூழ்ந்த டச்சுச் சதுக்கம். 1650-ஆம் ஆண்டளவில் டச்சுக்காரர் கட்டிய ஸ்டாடைஸ் என்னும் ஆளுநர் மாளிகையும், 1753-இல் கட்டி முடிக்கப்பட்ட கிறித்துவ தேவாலயமும் அங்கே நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் படம் பிடிப்பது இவற்றைத்தான். நான் பிள்ளைகளை முதலில் நிறுத்தியது மணிக்கூண்டின் அடியில். 1886-இல் தான் பெங் சுவீ என்னும் சீன வணிகரின் நினைவாக அவருடைய மகன் எழுப்பிய மணிக்கூண்டு அது. மலாக்காவின் சீன வணிகச் செல்வத்திற்கு அது ஓர் அடையாளம். அந்தச் செல்வத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு மலாக்காச் சீனரையும் சொல்லியாக வேண்டும். அவர் பெயர் தான் சாய் யான். 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிக நோக்குடன் போடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். நம் பாட்டன்மார் சீவிய பால் மரத்தின் கதையும் இதே மலாக்காவில்தான் தொடங்குகிறது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் மணிக்கூண்டை மறுபடியும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்கள்.

ஊரின் பெயரைப் பற்றியும் அங்கேயே சொல்லிவிடுவது வழக்கம். பரமேசுவரா ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது, ஒரு சருகுமான் வேட்டை நாயை உதைத்து ஆற்றில் தள்ளியதைக் கண்டு வியந்து, அங்கேயே ஊர் அமைத்து அந்த மரத்தின் பெயரையே இட்டார் என்பது எல்லாரும் அறிந்த கதை. அந்த மரம் எது தெரியுமா? நம் நெல்லி மரம்! வடமொழியில் அதனை ஆமலகம் என்பர். ஔவைக்கு அதியமான் ஈந்த கனியின் மரந்தான் இந்த ஊருக்குப் பெயர் தந்தது என்று நான் சொன்னபோது, நெல்லிக்காயை உப்பில் தொட்டுத் தின்று வளர்ந்த பிள்ளைகளின் முகத்தில் எழுந்த மகிழ்ச்சியைப் பார்க்கவேண்டுமே. பெயர்க்காரணத்திற்கு வேறு விளக்கங்களும் உண்டு. எனக்குப் பிடித்தது இதுதான்.

சதுக்கத்தின் பின்புறமாகப் படியேறினால் செயின்ட் பால் குன்று. மேலே கூரையில்லாத தேவாலயம் ஒன்று நிற்கிறது. 1521-இல் துவார்த்தே கொய்லோ என்னும் போர்த்துகீசியர் கட்டிய சிற்றாலயமே பின்னாளில் விரிந்து இப்படி ஆயிற்று. முன்னே கையிழந்த ஒரு சிலை உண்டு. அது பிரான்சிஸ் சேவியர். தமிழ்க் கத்தோலிக்கர் சவேரியார் என்று வணங்கும் அதே துறவி. அவர் மலாக்காவுக்கு வந்தது 1545-இல். அதற்குமுன் எங்கிருந்தார்? முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே, தமிழ் மந்திரங்களை மனனம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்துக்கொண்டிருந்தார். 1552-இல் சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் இறந்தபின், உடல் இந்தக் குன்றில்தான் சில மாதங்கள் புதைக்கப்பட்டிருந்தது. பிறகே கோவாவுக்குக் கொண்டு சென்றனர். சிலை 1952-இல் நிறுவப்பட்டது. அருகிலிருந்த சவுக்கு மரம் சாய்ந்து அதன் வலக்கை முறிந்தது என்று சொல்வர்.

குன்றின் மேல் காற்று இனிமையாக வீசும். அங்கிருந்து தெற்கே பார்த்தால் மலாக்கா நீரிணை தெரியும். "கடல் ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கடல் இந்தக் குன்றின் அடிவாரத்திற்கு அருகே அலையடித்தது. இப்போது அங்காடிகளும் விடுதிகளும் நிற்கும் நிலத்தின் பெரும்பகுதி பின்னாளில் கடலைத் தூர்த்துப் பெற்றது. பழைய ஓவியங்களில் கப்பல்கள் நங்கூரமிட்டிருக்கும் இடத்தில் இன்று சீருந்துகள் நிறுத்தப்படுகின்றன. மலாக்காவில் நடக்கிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். இல்லையேல் கோட்டை ஏன் இங்கே கட்டப்பட்டது என்பதே விளங்காது.

குன்றின் மறுபக்கம் இறங்கினால் அந்தக் கோட்டையின் மிச்சம். 1511 ஆகத்து மாதத்தில் அல்போன்சோ டி அல்புகெர்க்கே மலாக்காவைக் கைப்பற்றியபின், பள்ளிவாசலின் கற்களையும் அரசர்களின் கல்லறைக் கற்களையும் பெயர்த்தெடுத்து எழுப்பிய கோட்டை. 1641-இல் டச்சுக்காரர் அதனை வென்று செப்பனிட்டனர். எஞ்சியிருக்கும் வாயிலின் மேல் அவர்கள் பொறித்த 1670 என்ற ஆண்டை இன்றும் படிக்கலாம். 1807-இல் ஆங்கிலேயர் வெடிமருந்து வைத்துக் கோட்டையைத் தகர்த்தனர். ஒரேயொரு வாயில் தப்பியது. 2006-ஆம் ஆண்டில் சுழல் கோபுரம் ஒன்று கட்டத் தோண்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து கோட்டையின் மிடல்பர்க் கொத்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறிடத்திற்கு மாற்றிவிட்டுக் கொத்தளத்தை மீட்டுக் கட்டியிருக்கிறார்கள், ஆற்றோரத்தில் பார்க்கலாம்.

கோட்டை தகர்ந்ததை நேரில் கண்ட சிறுவன் ஒருவன் பின்னாளில் அதனை எழுதிவைத்தான். அவன்தான் முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் உரைநடையின் தந்தை என்று போற்றப்படுபவர். 1796-இல் இதே மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். அவருடைய பூட்டனார் யேமனிலிருந்து வந்த அரபியர். நாகூரில் திருமணம் செய்தவர். ஆகவே அப்துல்லாவின் குடும்பத்தில் தமிழ் இரத்தமும் கலந்திருந்தது. நான் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பிய செய்தி அதுவன்று. 'ஹிக்காயத் அப்துல்லா' என்னும் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதுகிறார்: குர்ஆன் ஓதி முடித்தபின் தந்தையார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினாராம். ஏனென்றால் மலாக்காவில் வசதியும் மதிப்பும் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்திலிருந்தே வழக்கமாக இருந்தது. கணக்கு வழக்குக்கும் வணிகப் பேச்சுக்கும் அது தேவைப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் தமிழ் பயின்றார்.

கோட்டை வாயிலின் நிழலில் அமரவைத்து இதைச் சொன்னேன். ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு இதைவிடச் சுவையான செய்தி வேறென்ன இருக்கமுடியும்? "தமிழ்ப்பள்ளியில் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கும் பெற்றோரை ஒவ்வோர் ஆண்டும் பதிவுநாளில் சந்திக்கிறேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில், வேலை கிடைக்கவேண்டும் என்பதற்காகவே பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்பினார்கள்! காலம் மாறிவிட்டது என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும் தமிழ் என்பது தோட்டத்து லயத்திற்குள் மட்டும் பேசப்பட்ட மொழி என்று நம் பிள்ளைகள் எண்ணுவதற்கு இந்த ஒரு செய்தியே போதிய மறுப்பாகும்.

வாயிலுக்கு எதிரே இருந்த திடலில்தான் 1956 பிப்ரவரி 20-ஆம் நாள், துங்கு அப்துல் ரகுமான் மலாயாவின் விடுதலை நாளை மக்களுக்கு அறிவித்தார். திடலின் பெரும்பகுதி பின்னர் பேரங்காடியாயிற்று. அருகிலிருந்த பழைய மலாக்கா மன்றக் கட்டடம் 1985 முதல் விடுதலை அறிவிப்பு நினைவகமாக விளங்குகிறது. நேரமிருந்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

அங்கிருந்து குன்றைச் சுற்றி மீண்டும் ஆற்றங்கரைக்கு வந்து பாலத்தைக் கடக்கவேண்டும். பாலம் சிறியது. பத்து அடி நடந்து திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடக்கூடிய பாலம். ஆனால் மலாக்காவின் வரலாற்றில் இதைவிட முக்கியமான இடமில்லை. 1511-இல் போரே இங்கிருந்த மரப்பாலத்தைப் பிடிக்கத்தான் நடந்தது. ஆற்றின் ஒருபக்கம் அரசரின் குன்று. மறுபக்கம் வணிகரின் ஊர். பாலத்தைப் பிடித்தவன் கையில் ஊர் இரண்டாகப் பிளந்துவிடும்.

அந்த வணிகர் ஊரில் யார் இருந்தார்கள்? போர்த்துகீசியர் கைப்பற்றிய மறு ஆண்டு இங்கு வந்து மூன்றாண்டுகள் போலத் தங்கிய தோமே பிரேஸ் என்பவர் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக அவர் கணக்கிடுகிறார். வெளிநாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு ஷாபந்தார்கள், அதாவது துறைமுக அதிகாரிகள் இருந்தனர். குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரையினர், வங்காளியர், பெகு நாட்டார், பாசாய் நாட்டார் ஆகியோருக்கு ஒருவர், சாவகம் முதலிய தீவினருக்கு ஒருவர், சீனர் முதலிய கீழ்த்திசையாருக்கு ஒருவர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களைக் 'கிளிங்' என்று அழைத்தனர். கலிங்கம் என்ற பெயரின் திரிபு அது. பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் துணிப்பொதிகள் வந்தன. அவற்றைக் கொடுத்து மொலுக்காவின் கிராம்பையும் பாண்டாவின் சாதிக்காயையும் வாங்கினர். பருவக்காற்று ஒன்றில் வருவார்கள். அடுத்த காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் இங்கேயே தங்குவார்கள். தங்கியவர்கள் வீடு கட்டினார்கள், கோயில் கட்டினார்கள், மணம் செய்துகொண்டார்கள்.

வணிகர் மட்டுமா? மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு', கிளிங் நாட்டிலிருந்து வந்த மணி புரிந்தன் என்னும் முஸ்லிம் பெருமகனைப் பற்றிக் கூறுகிறது. அவர் மகளை சுல்தான் முகமது ஷா மணந்தார். அவள் பெற்ற மகனே பின்னாளில் சுல்தான் முஸபர் ஷா ஆனார். மணி புரிந்தனின் மகன் துன் அலி அமைச்சரானார்; அவர் வழியில் வந்த துன் முத்தாகிர் பெண்டஹாரா பதவிவரை உயர்ந்தார். இது அந்நூல் சொல்வது. இதைக் கேட்டுவிட்டு நம்மவர் சிலர் மேடையேறி, பரமேசுவராவே தமிழர் என்றும் மலாக்காவே சோழர் ஊர் என்றும் முழங்குகிறார்கள். வேண்டாத வேலை. உள்ளதைச் சொன்னாலே நமக்குப் போதிய பெருமை இருக்கிறது. இல்லாததைச் சேர்த்தால் உள்ளதையும் எவரும் நம்பமாட்டார்.

பாலத்தின் நடுவில் நின்று நான் சொல்லும் கதை நைனா சத்துவினுடையது. போர்த்துகீசிய ஏடுகள் நினா சத்து என்று குறிப்பிடும் இந்து வணிகர் அவர். செட்டி என்ற சொல்லே சத்து எனத் திரிந்திருக்கவேண்டும் என்பர். 1509-இல் முதன்முதலாக வந்த போர்த்துகீசியக் கப்பல்கள் தப்பியோடியபோது, கரையில் சிறைப்பட்டுப்போன வீரர்களுக்கு இவர் மறைவாக உதவினார். 1511-இல் ஊர் வீழ்ந்ததும் அல்புகெர்க்கே நன்றிக்கடனாக இவரை இந்து வணிகர்களின் தலைவராக்கிப் பெண்டஹாரா பதவியும் தந்தார். மூன்றே ஆண்டுகள். 1514-இல் புதிய ஆட்சியாளர்கள் அந்தப் பதவியைப் பறித்துக் கம்பார் நாட்டு அரசருக்குக் கொடுக்க முடிவு செய்தனர். அவமானம் தாங்காத நைனா சத்து, மணமிகு கட்டைகளால் சிதை அடுக்கச்செய்து, ஊரார் முன்னிலையில் தீயில் இறங்கி உயிர்நீத்தார் என்று போர்த்துகீசிய வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

கதை முடிந்ததும், முன்பு பால் மரத்தைப் பற்றிச் சொன்ன அதே மாணவி கேட்டாள்: "ஐயா, அவர் துரோகியா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. மலாய்ச் சுல்தானின் பக்கம் நின்று பார்த்தால் துரோகிதான். கைதிகளின் பக்கம் நின்று பார்த்தால் இரக்கமுள்ளவர். வணிகர் கண்ணால் பார்த்தால், வெல்லும் பக்கத்தை முன்கூட்டியே கணித்தவர். ஆனால் வென்றவனின் நன்றி எத்தனை நாள் நிலைக்கும் என்பதைக் கணிக்கத் தவறியவர். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீயே வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வா" என்றேன். அவள் எழுதிவந்ததைப் பிறகு சொல்கிறேன்.

பாலத்தைத் தாண்டி ஐந்தாறு நிமிடம் நடந்தால் துக்காங் பெசி, துக்காங் எமாஸ், தோக்கோங் என்று பெயர் மாறிக்கொண்டே போகும் ஒரே தெரு. துக்காங் பெசி என்றால் கொல்லர். துக்காங் எமாஸ் என்றால் பொற்கொல்லர். தெருவில் 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வணிகர் கட்டியது. அடுக்குக் கூரை சாவகப் பாணியில் இருக்கும். மினாரா சீனப் பகோடாவைப் போலிருக்கும். 'கிளிங்' என்ற சொல் இன்று நம்மைப் பழிக்கும் சொல்லாகிவிட்டது. அதைக் கேட்டு வலி கொள்ளாத தமிழ்ப்பிள்ளை இந்நாட்டில் இல்லை. ஆனால் இந்தப் பள்ளிவாசலின் பெயர்ப்பலகையில் அது ஒரு காலத்தில் கப்பல்களும் கடைகளும் உடையவர்களின் பெயராக இருந்ததைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். வசவின் வலி இதனால் நீங்கிவிடாது. இருந்தாலும், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டவன் தலைகுனிந்து நிற்கவேண்டியதில்லை.

சில அடிகளில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். 1781-ஆம் ஆண்டில் மலாக்காச் செட்டிகளின் தலைவரான தெய்வநாயகம் செட்டிக்கு டச்சு அரசு அளித்த நிலத்தில் எழுந்தது. இன்றும் பூசை நடக்கும் கோயில்களுள் மலேசியாவிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று. உயர்ந்த கோபுரமில்லை, கடைவீடுகளின் வரிசையில் தானும் ஒரு வீடுபோல அடக்கமாக நிற்கும். கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறவர்கள் உண்டு. உள்ளே விநாயகரும் முருகனும். டச்சுக்காரர் ஆண்ட நாளில் ஏற்றிய விளக்கு. அதே வரிசையில் சற்றுத் தள்ளிப் பதினேழாம் நூற்றாண்டின் செங் ஊன் தெங் சீன ஆலயம். மூன்று சமயத்தாரும் ஒரே தெருவில் ஊதுவத்திப் புகையையும் பாங்கொலியையும் மணியோசையையும் பகிர்ந்துகொண்டு இத்தனை காலம் இருந்திருக்கிறார்கள். இதை ஒற்றுமைத் தெரு என்று பெயரிட்டு விளம்பரம் செய்வது பிற்காலத்தது. அவர்கள் அண்டைவீட்டார், அவ்வளவுதான்.

மாசி மகத்தன்று இந்த ஆலயத்திலிருந்துதான் வெள்ளித்தேர் புறப்பட்டு, நகருக்கு வடக்கே செங் என்னுமிடத்திலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகும். நகரத்தார் நடத்தும் விழா. தேரோடு நடந்தால் கால் வலிக்கும். ஆனால் மலாக்காவில் தமிழர் நடக்கும் நடைகளுள் அதற்கு ஈடில்லை.

ஆலயத்தோடு திரும்பிவிடுகிறவர்களே பெரும்பாலோர். நான் அப்படித் திரும்பவிடுவதில்லை. அங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ அரைமணி நேரம் நடந்தால் காஜா பேராங் சாலையில் செட்டி கம்போங். இந்தப் பகுதியில் மட்டும் சாலையோரம் பார்த்து நடக்கவேண்டும், சீருந்துகள் மிகுதி. 2008 ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனால் வரைபடத்தில் போட்ட கோட்டுக்குள் செட்டி கம்போங் அடங்கவில்லை. கம்போங்கைச் சுற்றி உயர்ந்த கட்டடங்கள் எழும்பியிருப்பதைப் பார்க்கும்போது, கோட்டுக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் எத்துணை வேறு என்பது புரியும்.

நாம் பாலத்தில் பேசிய பழைய வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள் அல்லவா? அவர்களின் வழிவந்தோரே மலாக்காச் செட்டிகள். செட்டிநாட்டு நகரத்தார் வேறு, இவர்கள் வேறு. வீட்டின் முகப்பில் திண்ணை. வாசல் நிலையில் மாவிலைத் தோரணம். பெண்கள் கெபாயா அணிவார்கள். 1822-இல் கட்டிய முத்து மாரியம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் திருவிழா உண்டு. அதனை 'டத்தோ சாச்சார்' விழா என்பர். சாச்சார் என்றால் அம்மை. அம்மை நோயைத் தடுக்கும் தாய்க்கு மலாய்ப் பெயரில் ஒரு விழா! பொங்கலுக்கு முந்திய போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் இடுவார்கள். அதற்குப் 'பார்ச்சு பொங்கல்' என்று பெயர்.

இவர்கள் வீட்டுமொழி தமிழன்று, மலாய். தமிழ்ச் சொற்கள் ஊடே கிடக்கும் ஒருவகை மலாய். சமயத்தைக் காப்பாற்றினார்கள், பொங்கலை விடவில்லை, மாவிலையை விடவில்லை. மொழி மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கரைந்து போயிற்று. இதை வைத்து அவர்களைக் குறைகூற நமக்கு எந்த உரிமையும் இல்லை. அப்துல்லா தமிழ் கற்ற அதே ஊரில், அதே நூற்றாண்டில், தமிழர் மரபினர் வீட்டில் தமிழ் இல்லாமற் போயிருக்கிறது. எப்படி? தாய் பேசிய மொழி மலாய் என்பது ஒன்று. டச்சுக்காரர் காலத்தில் வணிகம் கைநழுவி, செட்டிகள் விவசாயத்திற்கும் சிறுதொழிலுக்கும் மாறியது மற்றொன்று. ஊரிலிருந்து கப்பல் வந்துகொண்டிருந்தவரை தமிழுக்குத் தேவை இருந்தது. கப்பல் நின்றது, அவர்களுக்கென்று தமிழ்ப்பள்ளி இல்லை.

செட்டி கம்போங்கின் சிறிய காட்சியகத்தின் முன் பிள்ளைகளை அமரவைத்து, எங்கள் மாணவன் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். நாம் நைனா சத்துவின் பேரப்பிள்ளைகள் அல்லர். நம் பாட்டன்மார் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் கங்காணிகளின் பின்னே கப்பலேறி, தோட்டங்களுக்கு வந்தவர்கள். 1938-இல் இந்திய அரசு தடைபோடும்வரை அந்த வரவு நிற்கவில்லை. துணிப்பொதியோடு வந்தவர்கள் வேறு, தோள்துண்டோடு வந்தவர்கள் வேறு. ஆனால் அவர்களும் பேசிக்கொண்டு வந்தது நம் மொழியைத்தான். ஆகவே "எல்லாம் முடிந்த பிறகு வந்தோம்" என்று நாம் சொல்வதற்கில்லை. நமக்கு முன் வந்தவர்களும் நம்மவர்களே.

அன்று மதிய உணவுக்குப் பின் பேருந்தில் ஏறிப் புக்கிட் சீனாவுக்குப் போனோம். நகரின் நடுவே இவ்வளவு பசுமையா என்று வியக்கவைக்கும் குன்று. ஏறத்தாழ 25 எக்டர் பரப்பு. 12,000-க்கும் மேற்பட்ட சீனக் கல்லறைகள். அவற்றுள் மிங் அரசர் காலத்தவையும் உண்டு. ஊர்மக்கள் காலை மாலைகளில் இங்கே நடைபயிற்சி செய்கிறார்கள். ஒற்றையடிப் பாதைகள் மேடும் பள்ளமுமாக வளைந்து போகும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. 1984-இல் இந்தக் குன்றை வெட்டிக் கடலைத் தூர்க்கவும் கட்டடம் எழுப்பவும் திட்டம் வந்தபோது, சீன சமூகம் நாடு தழுவிய அளவில் எதிர்த்து நின்று காப்பாற்றியது. செட்டி கம்போங்கைப் பார்த்துவிட்டு இங்கு வருகிறவர்களுக்கு ஒப்பிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறும்போது அங்கிருந்த நம் இடுகாடுகள் என்னாயின என்று கேட்டால், பல இடங்களில் காட்டுவதற்கு ஒரு கல்கூட இல்லை.

புல்மேட்டில் அமர்ந்திருந்தபோது, தாத்தாவிடம் கேட்டுவந்த ஒரு செய்தியை ஒரு பையன் சொன்னான்: "முன்பு மலாக்காவுக்கு ரயில் வந்ததாம் ஐயா." உண்மைதான். தம்பினிலிருந்து மலாக்கா நகர்வரை இருப்புப்பாதை இருந்தது, 1905-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது சப்பானியர் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எங்கே? சயாமிலிருந்து பர்மாவுக்கு 1942, 1943-ஆம் ஆண்டுகளில் அவர்கள் போட்ட 415 கிலோமீட்டர் மரண இரயில் பாதைக்கு. அதே பாதைக்குத்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் அங்கேயே மடிந்தனர். அந்தப் பாதை மலாக்காவுக்குத் திரும்பவே இல்லை. இன்றும் இரயிலில் வருகிறவர்கள் தம்பினுக்கு அருகே புலாவ் செபாங்கில்தான் இறங்கவேண்டும். போனவர்களுக்குக் குன்றில்லை, கல்லறை இல்லை. பிள்ளைகள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வழக்கம்போல் யாரோ ஒருவன் தண்ணீர்ப்புட்டியைக் கவிழ்த்துவிட, சிரிப்பு வந்துவிட்டது.

இந்த வழியில் நடக்க விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல் தெருவில் தொழுகைக் கூட்டம் இருக்கும். வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். கோயிலுக்குள் போகவேண்டியிருப்பதால் கழற்ற எளிதான காலணி நல்லது. செட்டி கம்போங்கில் இருப்பவை மக்கள் வாழும் வீடுகள். திண்ணையில் ஏறிப் படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகள் உடன் வந்தால் புக்கிட் சீனாவுக்குப் பதிலாக ஆயர் குரோவில் உள்ள மலாக்காத் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். நிழல் மிகுதி, பாதை சீரானது. வரலாறு அங்கே குறைவு. அது பிள்ளைகளுக்கு ஒரு குறையாகத் தோன்றாது.

மறுவாரம் அந்த மாணவி தன் பயிற்சி ஏட்டைக் கொண்டுவந்து தந்தாள். நைனா சத்து துரோகியா என்ற கேள்விக்கு அவள் அரைப்பக்கம் எழுதியிருந்தாள். சிறையிலிருந்தவர்களுக்குச் சோறு கொடுத்தது சரி. பதவியை வாங்கியது தவறு. தீயில் இறங்கியது இன்னும் பெரிய தவறு, ஏனென்றால் அவருக்குப் பிறகு அவருடைய ஆட்களை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஐயா சொல்லவில்லை, என்று முடித்திருந்தாள். எழுத்துப்பிழைகள் நான்கு இருந்தன. அவற்றைத் திருத்திவிட்டு, மதிப்பெண் இடத்தில் என்ன போடுவது என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.